கிளாஸ் சிவ் எடுக்கப் போகிறீர்களா? ஏ லெவலில் கிரேக்க, ரோம நாகரிகம் படிக்க ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தில் பதினாறு வயதில் ஜிசிஎஸ்இ தேர்வை முடித்து, அடுத்த இரண்டு வருடப் படிப்பான சிக்ஸ்த் ஃபார்முக்குப் போகும் பிள்ளைகள் அதன் முடிவில் எழுதும் ஏ லெவல் தேர்வுக்கான பாடப் பட்டியலைப் பார்க்கும்போது, கணக்குக்கும் வேதியியலுக்கும் நடுவில் 'கிளாசிக்கல் சிவிலைசேஷன்' என்ற பெயர் கண்ணில் படும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அதைக் 'கிளாஸ் சிவ்' என்றுதான் சொல்வார்கள். பழைய கிரேக்கத்தையும் ரோமையும் அவர்களுடைய காவியம், நாடகம், சிற்பம், அரசியல், வழிபாடு வழியாகப் படிக்கிற பாடம் இது. எல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான். லத்தீனோ கிரேக்கமோ ஒரு சொல்கூடத் தெரிந்திருக்க வேண்டாம்.

நம் வீடுகளில் இந்தப் பெயரைக் கேட்டதும் "இது என்ன புதுசாக?" என்ற கேள்வி வரும். இலங்கையிலிருந்து வந்த பெற்றோருக்கு ஒரு செய்தி: அங்கே உயர்தரக் கலைப்பிரிவிலும் 'கிரேக்க, உரோம நாகரிகம்' என்று ஒரு பாடம் உண்டு. ஆகவே அவ்வளவு அந்நியமான பாடம் ஒன்றும் இல்லை.

எதில் சேர்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பழைய உலகம் பற்றி ஏ லெவலில் நான்கு பாடங்கள் இருக்கின்றன. லத்தீன், பண்டைய கிரேக்கம் இரண்டும் மொழிப் பாடங்கள். ஏன்ஷியன்ட் ஹிஸ்டரி என்பது போர், ஆட்சி, காலவரிசை, ஆதாரம் என்று போகும் வரலாற்றுப் பாடம். கிளாஸ் சிவ் இவற்றில் சேராமல் இலக்கியத்தையும் கலையையும் முன்வைத்துச் செல்வது. கதையும் கவிதையும் பிடிக்கும், ஆனால் மொழி இலக்கணம் வேண்டாம் என்பவர்களுக்குச் சரியான இடம். வரலாறு மட்டுமே வேண்டும் என்றால் ஏன்ஷியன்ட் ஹிஸ்டரிக்குப் போவதே நல்லது, இங்கே வந்துவிட்டு "எத்தனை கவிதை!" என்று சலித்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் கிளாஸ் சிவ் ஏ லெவலை நடத்துவது ஓசிஆர் தேர்வு வாரியம் மட்டுமே. அதனால் எந்தப் பாடத்திட்டம் என்ற குழப்பம் கிடையாது. வாரியத்தின் இணையதளத்தில் பாடத்திட்டமும் பழைய வினாத்தாள்களும் விடைத் திருத்தக் குறிப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் வேலையாகப் பாடத்திட்டத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று தாள்கள். 'நாயகனின் உலகம்' என்ற முதல் தாள் எல்லோருக்கும் கட்டாயம்: ஹோமரின் இலியட் அல்லது ஒடிசி, அதோடு வர்ஜிலின் ஈனியட். 2 மணி 20 நிமிடம், 100 மதிப்பெண், மொத்தத்தில் 40 சதவீதம். மற்ற இரண்டும் தலா 1 மணி 45 நிமிடம், 75 மதிப்பெண், 30 சதவீதம். இரண்டாம் தாளுக்குக் கிரேக்க நாடகம், பேரரசரின் உருவம், 'காட்டுமிராண்டி' என்ற கற்பனை, கிரேக்கக் கலை என்ற நான்கில் ஒன்று. மூன்றாவதற்குக் கிரேக்க சமயம், காதலும் உறவுகளும், ரோமக் குடியரசின் கடைசிக்கால அரசியல், ஏதென்ஸின் ஜனநாயகம் என்ற நான்கில் ஒன்று. கோர்ஸ்வொர்க் கிடையாது, முழுக்கவே தேர்வுதான்.

இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு "எனக்கு நாடகமும் சமயமும்" என்று மனதுக்குள் முடிவு செய்துவிடாதீர்கள். எதை நடத்துவது என்பதைப் பெரும்பாலும் ஆசிரியர்தான் தீர்மானிப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் பள்ளியைப் பார்வையிடும் ஓப்பன் ஈவினிங்குக்குப் போகும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: இலியட்டா ஒடிசியா, இரண்டாம் மூன்றாம் தாளில் என்ன, வகுப்பில் எத்தனை பேர். ஜிசிஎஸ்இயில் இதைப் படித்திருக்க வேண்டும் என்று சாதாரணமாக யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்திலோ வரலாற்றிலோ நல்ல கிரேடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், ஏனென்றால் இரண்டு வருடமும் கட்டுரை எழுதியே ஆக வேண்டும்.

கோடை விடுமுறை: கதைச்சுருக்கம் வேண்டாம், நூலைப் படியுங்கள்

இந்தப் பாடத்தில் தேறுவதும் தவறுவதும் பாதிக்குமேல் இங்கேதான் முடிவாகிறது. கிரேக்கப் புராணக் கதைகள் சிறுவயதிலிருந்தே தெரியும், படம் பார்த்திருக்கிறேன், கேம் விளையாடியிருக்கிறேன் என்று வருபவர்கள் அதிகம். கதை தெரிந்திருப்பது வேறு, நூலைப் படித்திருப்பது வேறு. டிராய் நகரை வீழ்த்திய மரக்குதிரை இலியட்டில் வரவே வராது. கிரேக்க வீரன் அக்கிலிஸின் குதிகாலில் அம்பும் படாது. பத்தாண்டுப் போரின் கடைசி ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே கதை. அக்கிலிஸின் கோபத்தில் தொடங்கி, அவன் கொன்ற டிராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கில் முடிந்துவிடும். மரக்குதிரைக் கதையை விரிவாகச் சொல்வது ஈனியட்டின் இரண்டாம் புத்தகம், அதுவும் தோற்ற டிராய்க்காரர்களின் வாயால்.

ஹோமரின் காவியங்கள் ஒவ்வொன்றும் 24 புத்தகங்கள், ஈனியட் 12. பெயர்தான் புத்தகம், ஒவ்வொன்றும் கம்பனின் ஒரு நீளமான படலம் அளவுக்கு இருக்கும். ஒரு மாலையில் ஒன்றிரண்டு முடித்துவிடலாம். பாடத்திட்டம் எந்தப் புத்தகங்களை வலியுறுத்துகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் முதல் முறை அடிமுதல் நுனிவரை படியுங்கள். குறிப்பெடுக்காமல், அடிக்கோடிடாமல், நாவல் படிப்பதுபோல வேகமாக.

எங்கே பாதியில் விட்டுவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒடிசியில் ஒடிசியஸ் நேரில் வருவதே ஐந்தாம் புத்தகத்தில்தான். முதல் நான்கும் அவன் மகன் டெலிமாக்கஸைச் சுற்றி நடக்கும். "நாயகன் எங்கே?" என்று பொறுமையிழந்து மூடிவிடாதீர்கள். ஒற்றைக்கண் அரக்கன், சூனியக்காரி, சைரன்கள் என்று எல்லோருக்கும் தெரிந்த சாகசங்கள் 9 முதல் 12 வரை, வெறும் நான்கு புத்தகங்கள். பின்பாதி முழுக்க அவன் சொந்த நாடான இத்தாக்காவில், பிச்சைக்காரன் வேடத்தில், தன் வீட்டுக்குள்ளேயே அவன் நடத்தும் கணக்குத் தீர்ப்பு. தேர்வுக்கு அந்தப் பின்பாதிதான் வளமான பகுதி. இலியட்டில் இரண்டாம் புத்தகத்தில் கப்பல்களின் பட்டியல் பக்கம் பக்கமாக வரும். அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகருங்கள், ஒரு நஷ்டமும் இல்லை. ஈனியட்டில் முதல் ஆறு புத்தகங்கள் ஒடிசியைப் போலப் பயணம், பின் ஆறு இலியட்டைப் போலப் போர். பலர் ஈனியஸைக் காதலித்த கார்த்தேஜ் அரசி டிடோ சிதைமேல் ஏறி வாளால் உயிரை மாய்த்துக்கொண்டதும் ஆர்வம் போய் நிறுத்திவிடுவார்கள். அது நான்காவது புத்தகம்தான்!

மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் நூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலம்; புரியாமல் விழி பிதுங்கும். தேர்வுத்தாளில் ஒரு பகுதியை அச்சிட்டுக் கேள்வி கேட்பார்கள். அது எந்த மொழிபெயர்ப்பிலிருந்து வருகிறது என்று ஆசிரியரிடம் கேட்டு அதையே வாங்குங்கள். பழைய புத்தகக் கடையில் சில பவுண்டுக்குக் கிடைக்கும். அதில் பென்சிலால் கோடு போட மனம் கூசக் கூடாது.

இரண்டாம் வாசிப்பு: ஒரு இடத்தை எடுத்துப் பார்ப்போம்

வகுப்பு தொடங்கிய பிறகுதான் குறிப்பெடுக்கும் வாசிப்பு. ஒரு நோட்டில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். என்ன நடக்கிறது என்பதற்கு நாலு வரி போதும். மீதி இடத்தில் யார் என்ன சொல்கிறார்கள், அதில் எந்தக் கருத்து ஓடுகிறது என்று எழுதுங்கள். நாலைந்து சொற்களைத் திரும்பத் திரும்பக் கேட்பீர்கள்: விருந்தோம்பல் கடமையான ஸெனியா, இறந்தும் நிற்கும் புகழான க்ளியோஸ், ரோமர்களுக்குப் பெற்றோர், தெய்வம், நாடு மூன்றின் மேலும் உள்ள கடமையான பியெட்டாஸ், அறிவை மறைக்கும் வெறியான ஃப்யூரோர். இவற்றை வகுப்பிலேயே பழகிவிடுவீர்கள்.

இப்போது ஈனியட்டின் கடைசிக் காட்சி. டிராயிலிருந்து தப்பி இத்தாலிக்கு வந்த நாயகன் ஈனியஸும் அவனை எதிர்த்த இத்தாலிய வீரன் டர்னஸும் நேருக்கு நேர் மோதி, டர்னஸ் தொடையில் ஈட்டி பாய்ந்து மண்டியிட்டுக் கிடக்கிறான். தோல்வியை ஒப்புக்கொள்கிறான். "உனக்கும் ஒரு தகப்பன் இருந்தானே, என் கிழட்டுத் தகப்பனை நினைத்துப் பார், என்னையோ என் உடலையோ வீட்டுக்கு அனுப்பு" என்ற பொருளில் கெஞ்சுகிறான். ஈனியஸின் கை தயங்குகிறது. விட்டுவிடுவான் போலிருக்கிறது. அப்போது டர்னஸின் தோளில் ஒரு வார்ப்பட்டை கண்ணில் படுகிறது. ஈனியஸின் பக்கம் போரிட்ட இளைஞன் பாலஸைக் கொன்று டர்னஸ் கழற்றி எடுத்துப் போட்டுக்கொண்டது அது. அவ்வளவுதான், ஆவேசத்தில் வாளை மார்பில் இறக்குகிறான். டர்னஸின் உயிர் முனகிக்கொண்டே கீழுலகுக்கு ஓடுகிறது. காவியம் அந்த வரியோடு முடிந்துவிடுகிறது. வெற்றி விழாவும் இல்லை, கல்யாணமும் இல்லை.

இதைக் கதையாகச் சொன்னால் ஓரிரு மதிப்பெண் கிடைக்கும். வாதமாக மாற்ற நூலுக்குள் பின்னோக்கிப் போக வேண்டும். ஆறாம் புத்தகத்தில், கீழுலகில், தந்தை ஆங்கைசிஸ் ரோமர்களின் கடமை என்ன என்று சொல்கிறான்: பணிந்தவரை விட்டுவிடு, செருக்குள்ளவரை அடக்கு. டர்னஸ் இப்போது பணிந்துவிட்டவன். அப்படியானால் ஈனியஸ் தந்தையின் சொல்லை மீறிவிட்டானா? எட்டாம் புத்தகத்தில் அரசன் ஈவாண்டர் தன் மகன் பாலஸை ஈனியஸை நம்பி அனுப்பினான். அந்தக் கடனைத் தீர்ப்பதும் பியெட்டாஸ்தானே? பத்தாம் புத்தகத்தில் அந்த வார்ப்பட்டையில் என்ன செதுக்கியிருக்கிறது என்று வர்ஜில் சொல்லியிருக்கிறார்: முதலிரவில் மனைவிகளால் கொல்லப்பட்ட மணமகன்கள். டர்னஸும் இளவரசி லவீனியாவைக் கைப்பிடிக்கக் காத்திருந்தவன்தான்.

அடுத்து ஹோமர் பக்கம். இலியட்டின் 24ஆம் புத்தகத்தில் ஹெக்டரின் தந்தையான டிராய் அரசன், கிழவன் பிரையம் இரவில் அக்கிலிஸின் குடிலுக்கு வருகிறான். தன் பிள்ளைகளைக் கொன்ற கையை முத்தமிட்டு, "உன் தகப்பனை நினைத்துக்கொள்" என்கிறான். அதே வேண்டுகோள். ஆனால் அக்கிலிஸ் அழுகிறான், ஹெக்டரின் உடலைக் கொடுத்துவிடுகிறான். கோபத்தில் தொடங்கிய காவியம் இரக்கத்தில் முடிகிறது. கடமையைப் பாடும் காவியம் கோபத்தில் முடிகிறது. முதல் தாளில் ஹோமரையும் வர்ஜிலையும் ஒப்பிடச் சொல்லும்போது எடுத்து வைக்க வேண்டிய சரக்கு இதுதான். இந்த மாதிரி ஏழெட்டு இடங்களை நன்றாக அறிந்து வைத்திருந்தால் எந்தக் கேள்வி வந்தாலும் கை கொடுக்கும்.

ஒரு சிறு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். வர்ஜில் கி.மு. 19இல் காவியத்துக்குக் கடைசி மெருகு ஏற்றாமலே இறந்துபோனார். அது உண்மை. அதை வைத்து "முடிக்காததால்தான் இப்படி முடிகிறது" என்று பூசி மெழுகுவது சோம்பேறித்தனம். மேலே சொன்ன இழைகள் எல்லாம் அந்த முடிவை நோக்கித்தான் இழுத்துக்கொண்டு போகின்றன.

அறிஞர் பெயர் எதற்கு?

பெரிய கட்டுரைக் கேள்விகளில் நூல் ஆதாரத்தோடு தற்கால ஆய்வாளர்களின் கருத்தையும் கொண்டுவரச் சொல்வார்கள். மாணவர்கள் இதற்குப் பயந்து மேற்கோள் பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்து, பத்திக்கு ஒன்றாகத் தூவிவிடுவார்கள். பயனில்லை. ஒருவருடைய கருத்தை எடுத்து, ஒத்துப்போகிறீர்களா இல்லையா, ஏன் என்று சொன்னால்தான் கணக்கு. உதாரணமாக ஆடம் பாரி 1963இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஈனியட்டில் இரண்டு குரல்கள் கேட்கின்றன என்றார்: ரோமின் வெற்றியைப் பாடும் குரல் ஒன்று, அதற்குக் கொடுத்த விலையை எண்ணி வருந்தும் குரல் இன்னொன்று. டர்னஸ் காட்சியோடு இதைச் சேர்த்துப் பாருங்கள், ஒரு பத்தி தானாக உருவாகும். நூலின் முன்னுரையிலேயே இப்படிப்பட்ட கருத்துகள் கிடைக்கும். தாளுக்கு நான்கைந்து பேர் போதும்.

தேர்வறையில்

புத்தகம் உள்ளே கொண்டுபோக முடியாது. நீளமான மேற்கோளும் வேண்டாம். நாலைந்து சொல், எந்தப் புத்தகம், யார் யாரிடம் சொன்னது என்பது போதும். மூன்று தாளிலும் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.4 நிமிடம் வருகிறது. ஆகவே முதல் தாளின் 30 மதிப்பெண் கட்டுரைக்கு 40 நிமிடம், மற்ற தாள்களின் 36 மதிப்பெண் கட்டுரைக்கு 50 நிமிடம் என்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். சின்னக் கேள்வியில் நேரத்தை விட்டுவிட்டுப் பெரிய கட்டுரையில் அவசரப்படுவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு.

பத்தியை அச்சிட்டுக் கொடுத்த கேள்விக்கு அந்தப் பத்திக்குள்ளேயே நின்று எழுதுங்கள். அதே பாத்திரத்தைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் கொட்டினால் திருத்துபவர் தாண்டிப் போய்விடுவார். அப்புறம், ராமாயணத்தோடும் மகாபாரதத்தோடும் ஒப்பிட்டு எழுத நம் பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கும். வகுப்பில் பேசுங்கள், நன்றாகவே இருக்கும்; விடைத்தாளில் அதற்கு மதிப்பெண் இல்லை.

கண்ணால் பார்க்க

கிரேக்கக் கலையோ பேரரசரின் உருவமோ படிப்பவர்கள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போகாமல் இருக்கக் கூடாது. அனுமதி இலவசம். 18ஆம் அறையில் ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் சிற்பங்கள். பேரரசர் பாடத்துக்கு முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் வெண்கலத் தலை ஒன்று அங்கே உண்டு. கண்களில் கண்ணாடியும் கல்லும் பதித்து, உற்றுப் பார்ப்பதுபோல இருக்கும். சூடானின் மெரோவேயில் 1910இல் தோண்டி எடுத்தார்கள். அன்று அங்கே ஆண்ட குஷ் நாட்டவர் அதை எகிப்திலிருந்து கொள்ளையடித்துக்கொண்டு போய், தங்கள் கோயில் படிக்கட்டுக்கு அடியில் புதைத்திருந்தார்கள், ஏறி இறங்குபவர்கள் எல்லாம் ரோமப் பேரரசனின் தலையை மிதித்துப் போகும்படி. ஆட்சியாளர் தன் உருவத்தை எப்படிப் பரப்பினார் என்று படிக்கும்போது, பார்த்தவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதும் சேர்ந்தால்தான் பாடம் முழுமையாகும். கேம்பிரிட்ஜ் பக்கம் போனால் அங்குள்ள வார்ப்புச் சிற்பக் காட்சியகத்தில் பெப்லோஸ் கோரே என்ற பழைய கிரேக்கப் பெண் சிலையின் வண்ணம் பூசிய வார்ப்பைப் பாருங்கள். கிரேக்கச் சிற்பம் வெள்ளை வெளேர் என்றுதான் இருந்தது என்ற எண்ணம் அதோடு போய்விடும்.

இபிக்யூ எடுக்கிறவர்களுக்கு

ஏ லெவலோடு இபிக்யூ என்ற தனி ஆய்வுத் திட்டமும் செய்யலாம். நீங்களே தலைப்பு வைத்து, சுமார் 5000 சொல்லில் எழுதுவது. உச்ச கிரேடுக்கு, பல்கலைக்கழகச் சேர்க்கையில் கணக்கிடும் யூகாஸ் புள்ளி 28. தமிழ் தெரிந்த மாணவருக்கு இது நல்ல வாய்ப்பு. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் மேல் உளியால் வெட்டியிருந்தது. செலாவணியிலிருந்து விலக்க வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம். பேரரசரின் உருவம் பாடத்தோடு நேராகப் பொருந்தும் தலைப்பு. காவியம் பிடித்தவர்களுக்கு இன்னொன்று. ஆடம் பாரியின் தந்தை மில்மன் பாரி, ஹோமரின் கவிதை வாய்மொழி மரபில் உருவானது என்று யூகோஸ்லாவியப் பாடகர்களைக் கேட்டு விளக்கியவர். அந்தக் கோட்பாட்டைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திப் பார்த்தவர் யாழ்ப்பாணத்து க. கைலாசபதி. பர்மிங்காமில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்ஸனிடம் ஆய்வு செய்து, 1968இல் தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய நூலாக வெளியிட்டார். மறுத்தவர்களும் உண்டு; ஆய்வுக்கு அதுவும் நல்லதுதான்.

"படித்துவிட்டு என்ன செய்வது?"

நேர்மையாகச் சொல்கிறேன். சட்டம், வரலாறு, ஆங்கிலம், அரசியல், இதழியல் என்று போகிறவர்களுக்கு இது வலுவான பாடம்; வாதம் கட்டி எழுதும் பழக்கம் கையோடு வரும். பொறியியலுக்கு உதவாது. அவர்கள் கணக்கும் இயற்பியலும் எடுத்துவிட்டு மூன்றாவதாக ஆசைக்கு எடுக்கலாம், அதற்கும் முதலில் துறையின் நிபந்தனையைப் பார்க்க வேண்டும். மருத்துவத்துக்கு வேதியியல், உயிரியலோடு மூன்றாவதாக இதைப் பல கல்லூரிகள் ஏற்கும், சில மூன்றும் அறிவியலாகவோ கணக்காகவோ இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். ஒவ்வொன்றின் பக்கத்தையும் படித்துப் பாருங்கள். அடுத்த வீட்டுக்காரர் சொன்னதை நம்பாதீர்கள்.

இதிலேயே பட்டப்படிப்பு என்றால் லத்தீன் தெரியாதது தடையில்லை. கேம்பிரிட்ஜில் லத்தீன் படிக்காதவர்களுக்காக ஒரு வருடம் கூட்டி நான்காண்டு கிளாசிக்ஸ் படிப்பு இருக்கிறது. மொழியே இல்லாமல் கிளாசிக்கல் ஸ்டடீஸ் என்றும் பல பல்கலைக்கழகங்களில் படிக்கலாம்.

உங்கள் பள்ளியில் இல்லையென்றால்

அரசுப் பள்ளிகள் பலவற்றில் இந்தப் பாடம் இல்லை. பக்கத்துச் சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரிகளைப் பாருங்கள், அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம். அதுவும் இல்லையென்றால் ஆன்லைனில் படித்துத் தனித் தேர்வராக எழுதலாம். கோர்ஸ்வொர்க் இல்லாததால் இது சாத்தியம். தனித் தேர்வர்களைச் சேர்த்துக்கொள்ளும் தேர்வு மையத்தை நீங்களே தேட வேண்டும். கோடைத் தேர்வுக்கான பதிவு வழக்கமாகப் பிப்ரவரியில் முடிந்துவிடும், அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கேட்பார்கள். எல்லா மையமும் இந்தப் பாடத்துக்கு இடம் தராது, கட்டணமும் மையத்துக்கு மையம் மாறும். ஆகவே சிக்ஸ்த் ஃபார்மின் இரண்டாம் வருடமான பதிமூன்றாம் வகுப்பின் முதல் பருவத்திலேயே இரண்டு மூன்று இடங்களில் விசாரித்து, எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.